தரங்கம்பாடிக்கு ஒரு வில்லங்கம்

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தரங்கம்பாடிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு வேறு எப்படித் தலைப்பு வைக்க வரும்? ஒரு மனையை வாங்குவதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் அல்லவா, யார் யாருக்கு எந்த வருஷம் எழுதிக் கொடுத்தார்கள் என்று? அதுபோல, போன தை மாதத்தில் ஒரு நாள் நானும் என் மனைவியும் தரங்கம்பாடிக்குப் போய், அந்த ஊருக்கே ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். அந்தக் கதைதான் இது.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர்தான். 1983-ல் கல்யாணம் ஆன புதிதில், "ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் தரங்கம்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நம் வயதுக்காரர்களுக்கு அந்த ரயில் நினைவிருக்கும். 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று வயல்களுக்கு நடுவே நிதானமாக நின்று நின்று போகும். ஒரு ஞாயிறு அவள் அம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை, ஒரு ஞாயிறு எனக்கு ஆடிட், ஒரு ஞாயிறு மழை. இப்படியே 1986-ம் வந்தது. நஷ்டத்தில் ஓடுகிறது என்று ரயிலையே நிறுத்திவிட்டார்கள். ரயில் நின்ற பிறகும் நான் வாக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

அந்த வழியாகக் காரைக்காலுக்கும் நாகூருக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். இறங்கியதில்லை. அவள் மட்டும் ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனாள். என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, "முப்பத்திரண்டு தலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அவள் முப்பத்தைந்து வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அதில் கடைசி இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம், செம்பனார்கோவில் போகிற வழியில் ஒரு சிற்றூர். அவள் ஓய்வு பெற்ற பிறகு அங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இருந்த ஏழெட்டுப் பேரையும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் பழைய பள்ளிக்கூடக் கதைகள் நின்றுபோயின. முன்பெல்லாம் காபி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள்.

போன தை மாதம், பொங்கல் கழிந்து பிள்ளைகளும் பேரன்களும் ஊருக்குக் கிளம்பிப் போய் வீடு வெறிச்சென்று இருந்த ஒரு காலையில், "இன்றைக்குத் தரங்கம்பாடி போகலாமா?" என்றேன். நம்ப முடியாமல் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து போய் எலுமிச்சம்பழச் சாதம் கிளறினாள். ஒரு ஃபிளாஸ்க் காபி, இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு போர்வை, முட்டிவலித் தைலம். எங்கள் தேனிலவுக்கு அவ்வளவு சாமான் எடுத்துப் போனதாக நினைவில்லை.

டவுன் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் இல்லை, எனக்கு மட்டும் டிக்கெட். "ரயிலில் போயிருந்தால் இரண்டு பேருக்கும் வாங்கியிருக்க வேண்டும். லாபம்தானே" என்றேன். சிரித்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் இருக்கும் நிறுத்தம் வந்தபோது மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. திருக்கடையூரில் பட்டுப்புடவையும் மாலையுமாக இரண்டு மூன்று அறுபதாம் கல்யாணக் கூட்டம் நின்றது. எங்களுடையதும் அங்கேதான் நடந்தது. அபிராமிக்குப் பஸ்ஸில் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பொறையாறு போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம்.

தரங்கம்பாடியில் ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டது அந்த வெள்ளை நுழைவாயிலுக்கு முன்னால். 1792-ல் கட்டியது. உச்சியில் டென்மார்க் அரச முத்திரை. உள்ளே நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. தை மாத வெயில் உறைக்கவில்லை. அகலமான தெரு, தூண் வைத்த பழைய வீடுகள், நடுவில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. ஹாரன் சத்தமே இல்லை. "நம்ம மகாதானத் தெரு இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?" என்றாள். இருக்காது, அதனால்தான் இங்கே வந்திருக்கிறோம் என்றேன்.

வில்லங்கம் போடுகிறவன் முதலில் தாய்ப்பத்திரத்தைத் தேட வேண்டும். தரங்கம்பாடியின் தாய்ப்பத்திரம் கோட்டையில் இல்லை. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலில் இருக்கிறது. 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், நிலம் கொடுக்கப்பட்டு எழுந்த கோயில். அங்கிருந்த கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்றும் ஒரு பெயர். டென்மார்க்காரர்கள் கப்பலேறுவதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே இது பட்டினமாக இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

கடற்கரையில் நின்றிருந்த ஒரு சுற்றுலாக் குழுவுக்கு வழிகாட்டி ஒருவர், "தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சொல்வதுதான். என் மனைவி என் காதருகில், "தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்றால் ஊர். வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள்? காட்பாடியில் யார் பாடுகிறார்கள்?" என்றாள். டீச்சர் டீச்சர்தான்.

பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவோம். தரங்கம்பாடிக்குக் கிழக்கு எல்லை கடல். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாத பக்கத்துக்காரர். அவர் சும்மா இருந்ததே இல்லை. கோயிலின் முன்பகுதியை அரித்து எடுத்துக்கொண்டார். பழைய ஜெருசலேம் தேவாலயம் ஒன்று 1707-ல் கட்டினார்கள், அதையும் கொண்டு போனார். 2004 டிசம்பர் 26-ல் என்ன செய்தார் என்று நம் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு ஊரில் மட்டும் நூற்றுக்கணக்கான உயிர்கள். இப்போது பாறைகளைக் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள். திருப்பணி நடந்து கோயில் நிற்கிறது. சுவாமியைக் கும்பிட்டுவிட்டு அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த வருஷம் அவள் வகுப்பில் ஒரு பெண்குழந்தையின் சித்தப்பா குடும்பம் இந்தக் கரையில்தான் இருந்தது. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

அடுத்த பத்திரம் 1620. இது குத்தகைப் பத்திரம்.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், 1616-ல் அங்கே ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். 1618-ல் ஓவே கெட்டே என்ற இருபது வயசுக்கு மேல் சிலதே கண்ட இளைஞனின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. அவர்கள் முதலில் குறி வைத்தது இலங்கையை. அங்கே காரியம் பலிக்கவில்லை. முன்னால் அனுப்பிய ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர் அடித்து நொறுக்கினார்கள். உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் கையில் காசில்லாமல், கப்பலும் இல்லாமல், தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். ரகுநாத நாயக்கர் அவரை நல்லபடியாக நடத்தினார். நாயக்கருக்கும் போர்த்துக்கீசியரைத் தவிர இன்னொரு வியாபாரி தேவைப்பட்டிருக்கிறார். ஆக, கப்பல் கவிழ்ந்ததில்தான் இந்த ஊரின் டேனிஷ் கதை ஆரம்பம்.

1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. மீனவர் குப்பமும் சுற்றியுள்ள நிலமும், ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எங்கள் ஆபீசில் பச்சைத் தாளுக்கே அடித்துக்கொள்வார்கள். தங்கத்தில் எழுதினால் ஸ்டாம்ப் வெண்டர் கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கோட்டைக்குள் நுழைந்தேன்.

டேன்ஸ்போர்க் கோட்டை பெரியதில்லை. வேலூர்க் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு ஒரு பெரிய பங்களா மாதிரிதான் தெரியும். கீழே கிடங்குகளும் சிறை அறைகளும். மேலே அதிகாரிகள் இருந்த அறைகள். மிளகும் துணியும் சாராயமும் கைதிகளும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் பயணியர் விடுதியாகக்கூட இருந்தது. எங்கள் மேலதிகாரி ஒருவர் 1970-களில் இங்கே தங்கியதைப் பெருமையாகச் சொல்வார். பிறகு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் வைத்தது. பீங்கான் பாத்திரங்கள், நாணயங்கள், வாள்கள், பத்திரங்கள். நான் பத்திரங்களிலேயே நின்றுவிட்டேன். அவள் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு ஜன்னல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிப் பத்திரம் 1845. இது கிரையம். டென்மார்க் அரசர் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் சேராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார். வியாபாரம் படுத்துவிட்டது. நடுவே சில வருஷம் ஆங்கிலேயர்களே ஊரைப் பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததில் மிச்சமிருந்த கப்பல் போக்குவரத்தும் போயிற்று. குத்தகைக்கு எடுத்தவர் கிரையம் எழுதிக் கொடுத்தால் எங்கள் ஆபீசில் பத்திரத்தைத் திருப்பி அனுப்புவோம். ஆனால் வாங்குகிறவர் கம்பெனியாக இருந்தால் யார் கேட்பது?

வாங்கிய புதிதில் ஊருக்கு நல்ல காலம்தான். 1845 முதல் 1860 வரை தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரின் தலைமையிடமே தரங்கம்பாடி. கோர்ட்டும் இருந்தது. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய நம்ம மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கேயும் முன்சீபாக இருந்தவர். பிறகு கலெக்டர் ஆபீஸ் தஞ்சாவூருக்குப் போனது. 1860-களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. தரங்கம்பாடிக்கு ரயில் வர இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று, அதற்குள் ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. ஊர் வளராததால்தான் இடிக்கவும் இல்லை. நாம் ரசித்து நடந்த ராஜ வீதி, உண்மையில் வியாபாரம் கைவிட்டுப் போன தெரு.

கோட்டை மதில் நிழலில் போர்வையை விரித்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். கடல் காற்று இலையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு ஓரத்தில் அவள் கையும் மறு ஓரத்தில் என் கையுமாக அழுத்திக்கொண்டு சாப்பிட்டோம். பனங்கிழங்கு விற்ற அம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி உரித்துக்கொண்டே நான் என் வில்லங்கத்தை அவளிடம் வாசித்தேன். 1306 பாண்டியர் கொடை. 1620 நாயக்கர் குத்தகை. 1845 கிரையம். முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான். ஏன்?"

"கொடுத்தவரும் வாங்கினவரும்தான் வருகிறார்கள். ஊரில் இருந்தவர்கள் யாருமே வரவில்லையே."

பத்திரம் என்றால் அப்படித்தான் என்றேன். முப்பத்தைந்து வருஷம் அந்தப் பதிவேடுகளில் எழுதியவன். உழுதவன் பெயர் வரப்புக்குக்கூட வராது.

சாப்பிட்டுவிட்டுத் தேவாலயங்களைப் பார்க்கப் போனோம். சீயோன் தேவாலயம் 1701-ல் டென்மார்க்காரர்கள் தங்களுக்காகக் கட்டியது. கொஞ்ச தூரத்தில் புதிய ஜெருசலேம் தேவாலயம், 1718. உள்ளே சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியார். 1706 ஜூலை 9-ல் புளூட்சாவ் என்ற நண்பரோடு கரையிறங்கினார். 1719-ல் இறந்தபோது வயது 36. அந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவர் செய்த வேலையை நினைத்தால் நாமெல்லாம் என்ன செய்தோம் என்று தோன்றும். அவரை அனுப்பியது அரசர், ஆனால் கம்பெனியின் தளபதிக்கு அவரைக் கண்டால் ஆகவில்லை. 1708-ல் பிடித்துக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். நாங்கள் சாப்பிட்ட மதிலுக்கு அந்தப் பக்கம்.

அச்சு வேலையைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவில் முதல் தமிழ்ப் புத்தகம் அச்சானது தரங்கம்பாடியில்தான் என்று பலர் சொல்கிறார்கள். இல்லை. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு விட்டுப்போன வேலையை நிலையாகத் தொடங்கி வைத்தது தரங்கம்பாடி. லண்டனிலிருந்து அச்சு எந்திரம் 1712-ல் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அவை வந்து பார்த்தால் மகாப் பெரிய எழுத்து. ஒரு பக்கத்துக்கு நாலு வரி என்றால் காகிதத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத்துக்குப் பொறையாறில் ஒரு ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்துவிட்டது.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வர, கல்லறை அருகில் நின்றிருந்த என் மனைவி கேட்டாள். "வந்து இறங்கும்போது இவருக்குத் தமிழ் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அப்படியானால் இவருக்கு 'அ' சொல்லிக் கொடுத்தது யார்?"

எனக்குத் தெரிந்திருந்தது. சீகன்பால்கின் கடிதங்களைப் பற்றி எழுதிய ஒரு புத்தகத்தில் எப்போதோ படித்தது. ஆனால் அவள் கேட்கும்வரை என் வில்லங்கத்தில் அதைச் சேர்க்கத் தோன்றவே இல்லை. தேவாலயத்தின் பின் வரிசையில் உட்கார்ந்து சொன்னேன்.

இந்த ஊரில் எழுபது வயதுத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். சீகன்பால்க் அவரைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு மாற்றச் சொன்னார். வாத்தியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். பிறகு அந்த ஐரோப்பியர், சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். பேச்சு மொழிக்கு அழகப்பன் என்பவர் துணை. கம்பெனியில் துபாஷியாக இருந்தவர், போர்த்துக்கீசியமும் டேனிஷும் டச்சும் ஜெர்மனும் பேசுவார். வாத்தியாரின் மகனும் நல்ல புலமை உள்ளவர். கணபதி வாத்தியார் என்று அவர் பெயர் இருக்கிறது. இரண்டே வருஷத்தில் சீகன்பால்க் தாம் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார், 1708-ல். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். காலமான பண்டிதர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, விதவைகளிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கினார். எந்த ஏடு எதைப் பற்றியது என்று பிரித்துச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டுமே. 1707-லேயே இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளுக்கும்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வாத்தியார் பெயர்?"

"மகன் பெயர்தான் நான் படித்தேன். கணபதி வாத்தியாரின் அப்பா என்று வைத்துக்கொள்ளலாம்."

"பையன் பெயரால் அப்பாவா?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். "எழுபது வயசில், தன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். மணலில் எழுதினால் ஒரு சௌகரியம் உண்டுங்க. தப்பாக எழுதினால் அழித்துவிடலாம், பிள்ளைக்கு அவமானம் இருக்காது. எனக்கு முதல் ரெண்டு வருஷம் சிலேட்டுக்கு வழியில்லாத பிள்ளைகள்தான். வாசலில் புங்கமரத்தடியில் மணலைக் கொட்டி எழுத வைத்தேன். 'ழ' எழுதுவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிடும்."

பள்ளிக்கூடம் பூட்டியதற்குப் பிறகு அவள் சொன்ன முதல் பள்ளிக்கூடக் கதை அது. மூன்று வருஷமாக நான் கேட்காத கதை. நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு கதை சொன்னாள். ஒன்று, 'ஃ' மூன்று கண் வைத்த பூச்சி என்று பயந்து அழுத பையனைப் பற்றி. இன்னொன்றை இங்கே எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

ஊரில் சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது. அவர் கரையிறங்கிய இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. தகுந்ததுதான், ஒரு குறையும் இல்லை. அரசர்களுக்கு முத்திரை இருக்கிறது, கவர்னர்களுக்கு மாளிகை இருக்கிறது. நாங்கள் அன்று பார்த்த எந்தக் கல்லிலும் அந்த வாத்தியார் இல்லை. ஈயத்தை உருக்கியவர், கடுதாசிப்பட்டறையில் கூழ் அரைத்தவர், ஏட்டைத் தூக்கிக் கொடுத்த விதவை, ஒருவரும் இல்லை. பத்திரத்தில் சாட்சிக்காவது இரண்டு வரி விட்டிருப்போம். இந்த ஊரின் எழுத்தெல்லாம் தொடங்கியது மணலில், அந்த மணலை விரித்தவருக்குச் சாட்சி வரிகூட இல்லை.

நாலு மணிக்கு மேல் கடற்கரைக்குத் திரும்பி வந்து ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியைக் குடித்தோம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு. ரயிலுக்குப் பதில் பஸ், இரண்டு பேருக்கும் முட்டிவலி, மற்றபடி பழுதில்லாமல் நிறைவேறியது. "அப்போதே வந்திருந்தால் இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரிந்திருக்காது. கடலைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம்" என்று சமாதானம் சொன்னேன். "அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. அவளுடைய நிறுத்தம் நெருங்கியபோது, "இறங்கிக்கலாங்க. அடுத்த பஸ்ஸில் போய்க்கலாம்" என்றாள். இறங்கினோம். பொழுது சாயும் நேரம். பள்ளிக்கூட கேட்டில் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. கம்பி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "புங்கமரம் நன்றாக வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். அரைமணி நேரம் கழித்து அடுத்த பஸ் வந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரங்கம்பாடிக்கு ஒருநாள் போய் வாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் கோயிலையும் கடலையும் பாருங்கள், பிறகு கோட்டை, பிறகு தேவாலயங்கள். திரும்பும்போது பொறையாறில் கடுதாசிப்பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

நான் அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். 1963, ஒன்றாம் வகுப்பு. வெள்ளை வேட்டி, காதில் கடுக்கன், கையில் பிரம்பு இருந்தாலும் அடிக்கவே மாட்டார். எல்லாம் நினைவிருக்கிறது. நாங்கள் அவரைப் பெரிய வாத்தியார் என்றுதான் கூப்பிட்டோம். பெயரைக் கேட்டுவைக்கத் தோன்றவில்லை. பத்தாயிரம் பேருடைய பெயரை, தகப்பனார் பெயர் சகிதம், பிழையில்லாமல் பதிவேட்டில் எழுதியவன் நான். அந்தக் காகிதத்தில் "பெரிய வாத்தியார்" என்று மட்டும் எழுதி, பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.